கப்பலேறிய குறும்பு, கரையில் நின்ற பகடி: பிரிட்டனின் மௌனப்பட நகைச்சுவை

சாலையில் ஒரு மோட்டார் கார் வருகிறது. உள்ளே இருப்பவர்கள் உற்சாகமாக இருக்கிறார்கள். திடீரென்று கார் வெடித்துப் புகையாகிறது. போலீஸ்காரர் ஒருவர் ஓடிவந்து தரையைப் பார்க்கிறார், ஒன்றுமில்லை. அண்ணாந்து பார்க்கிறார். சில நொடிகள் கழித்துத்தான் வானத்திலிருந்து கைகளும் கால்களும் உடல்துண்டுகளும் விழத் தொடங்குகின்றன. அவர் பதறவில்லை. எது யாருடையது என்று பிரித்து அடுக்க ஆரம்பித்துவிடுகிறார்.

செசில் ஹெப்வொர்த் 1900இல் எடுத்த ‘எக்ஸ்ப்ளோஷன் ஆஃப் எ மோட்டார் கார்’ படத்தில் அவ்வளவுதான் கதை. வெடிப்பு வெறும் கேமரா வித்தை. நம்மைச் சிரிக்கவைப்பது அந்தச் சில நொடித் தாமதமும், கோப்பு பார்க்கும் குமாஸ்தாபோல இருக்கிற போலீஸ்காரரின் முகமும்தான். சாப்ளின் அப்போது பதினோரு வயதுச் சிறுவன். அமெரிக்காவில் கீஸ்டோன் கம்பெனி தொடங்க இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன.

இருந்தும் மௌனப்பட நகைச்சுவை என்றதும் உலகம் ஹாலிவுட்டைத்தான் நினைக்கிறது. சாப்ளினும் ஸ்டான் லாரலும் இங்கிலாந்துக்காரர்கள் என்பது தெரிந்தவர்கள்கூட, அவர்கள் விட்டுவிட்டுப் போன நாட்டில் அக்காலத்தில் என்ன நகைச்சுவைப் படம் எடுத்தார்கள் என்று கேட்பதில்லை. பிரிட்டிஷ் சினிமா வரலாற்றை 1948 முதல் பல தொகுதிகளாக எழுதிய ரேச்சல் லோவே இந்தப் படங்களுக்குப் பெரிய மரியாதை தந்தவரல்ல. பிரைட்டனில் 1978இல் நடந்த உலகத் திரைப்பட ஆவணக் காப்பகங்களின் மாநாட்டில் 1900க்கும் 1906க்கும் இடைப்பட்ட படங்களை மொத்தமாகப் போட்டுப் பார்த்தபோதுதான் ஆய்வாளர்களின் எண்ணம் மாறத் தொடங்கியது. நாட்டிங்ஹாமில் கூடிய பிரிட்டிஷ் மௌனப்பட ஆர்வலர்கள் 2000இல் வெளியிட்ட முதல் கட்டுரைத் தொகுப்பே 1930க்கு முந்தைய நகைச்சுவையைப் பற்றியது. அதன் தலைப்பில் முதலில் நிற்கும் பெயர் பிம்பிள். அவரிடம் பிறகு வருவோம்.

இந்தக் கட்டுரையின் வாதம் இது: விழுந்து புரண்டு, உதைபட்டு, நொறுக்கிச் சிரிக்கவைக்கும் ஸ்லாப்ஸ்டிக் திரையில் வளர்ந்ததில் பிரிட்டனுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதை ஆடத் தெரிந்தவர்கள் கப்பலேறிவிட்டார்கள். ஊரிலேயே தங்கி நிலைத்தது பகடி, அதிலும் சினிமாவையே கேலிசெய்யும் பகடி. அந்தப் பகடி உள்ளூரில் செழித்த காரணமே அது வெளியூர் போகாததற்கும் காரணம்.

முதலில் ஸ்லாப்ஸ்டிக். தோட்டக்காரனின் தண்ணீர்க்குழாயை மிதித்து அவன் முகத்தில் நீர் அடிக்கவைக்கும் லூமியேர் சகோதரர்களின் 1895ஆம் ஆண்டுப் படத்தை எல்லோரும் காப்பியடித்தார்கள். யார்க்ஷயரின் ஹோம்ஃபர்த் ஊரில் மாயவிளக்குப் படங்கள் செய்துவந்த பாம்ஃபோர்த் நிறுவனமும் தன் பங்குக்கு ஒன்று எடுத்தது. கடற்கரை ஊர்களில் விற்கும் விரசமான தபால் அட்டைகளுக்குப் பின்னாளில் பேர்போன அதே பாம்ஃபோர்த்தான். அப்போது படப்பிரதிகளை அடிக்கணக்கில் நேரடியாக விற்றுவிடுவார்கள். வாங்கும் சந்தைக் கூடாரக்காரர் அதைத் தேய்ந்து போகும்வரை ஓட்டுவார். குறுகிய படம், உடனடிச் சிரிப்பு, மலிவு விலை. நகைச்சுவைக்கு இதைவிடத் தோதான வியாபாரம் ஏது?

பிரைட்டனுக்கு அடுத்த ஹோவ் பகுதியில் வாழ்ந்த ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் 1897இல் ‘தி மில்லர் அண்ட் தி ஸ்வீப்’ எடுத்தார். காற்றாலைக்கு முன்னால் மாவு மூட்டையோடு ஆலைக்காரனும் கரி மூட்டையோடு புகைக்கூண்டு துடைப்பவனும் மோதிக்கொள்கிறார்கள். வெள்ளை கறுப்பாகிறது, கறுப்பு வெள்ளையாகிறது. இதில் யோசித்துப் பார்க்கத் தக்கது, வண்ணமில்லாத கருவிக்கு எந்தச் சண்டை பொருந்தும் என்று ஸ்மித் கணக்குப் போட்டிருப்பது. நாடக மேடையில் பழகிய பழைய சிரிப்புதான் அது. ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்துக்கே பிறந்ததுபோல இருக்கிறது. கடைசியில் எங்கிருந்தோ ஒரு கூட்டம் புகுந்து இருவரையும் துரத்திக்கொண்டு திரையைக் கடக்கிறது. பின்னால் வந்த எத்தனையோ துரத்தல் படங்களின் வித்து அந்த ஓட்டத்தில் இருக்கிறது.

ஸ்மித்தின் மனைவி லாரா பெய்லி மேடை நடிகை. அவர் நடித்த ‘மேரி ஜேன்ஸ் மிஸ்ஹாப்’ (1903) இந்தக் காலத்தின் உச்சம் என்பேன். சமையலறை வேலைக்காரி மேரி ஜேன் பூட்ஸ் துடைக்கும்போது முகத்தில் மை அப்பி மீசையாகிறது. கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறாள். பிறகு நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள். அடுப்பு பற்றவில்லை. பாரஃபின் எண்ணெயை ஊற்றுகிறாள். அடுத்த காட்சியில் புகைக்கூண்டு வழியாக வெளியே பறக்கிறாள், அவளது துண்டுகள் கீழே விழுகின்றன. கல்லறையிலும் ஒரு சிலேடை. அங்கே துக்கம் விசாரிக்க வந்தவர்களிடையே அவளுடைய ஆவி எழுந்து வந்து பாரஃபின் டின்னைத் தேடி எடுத்துக்கொண்டு போகிறது. ஸ்மித் தூரக் காட்சியையும் அண்மைக் காட்சியையும் மாற்றி மாற்றி வெட்டியிருப்பதைத் திரை இலக்கண ஆய்வாளர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கண்ணடிப்பே முக்கியமாகப் படுகிறது. அவளுக்கு நாம் பார்க்கிறோம் என்று தெரியும். தன் சாவுகூட ஒரு காட்சி என்று தெரியும். பெய்லியின் முகபாவங்களைப் பார்த்தால், இவர் பேர் ஏன் சாப்ளின் பேர்போலப் பரவவில்லை என்ற ஆதங்கம் வரும்.

பிரைட்டன் வட்டாரத்தின் இன்னொருவர் ஜேம்ஸ் வில்லியம்சன், மருந்துக் கடைக்காரராக இருந்து படத்துக்கு வந்தவர். அவருடைய ‘தி பிக் ஸ்வாலோ’ (1901): படம் பிடிக்கப்படுவதை விரும்பாத ஒருவர் கோபமாகக் கேமராவை நோக்கி நடந்து வருகிறார். முகம் பெரிதாகிறது, வாய் திறக்கிறது, திரை முழுக்க இருட்டு. கேமராவும் கேமராக்காரரும் அந்த இருட்டுக்குள் தலைகுப்புற விழுகிறார்கள். அவர் திருப்தியாக மென்றபடி பின்னால் நகர்கிறார். கேமராவைத்தான் விழுங்கியாயிற்றே, அவர் மெல்வதைப் படம் பிடித்தது யார்? இந்தக் கேள்வி வந்ததும் சிரிப்பு இரட்டிப்பாகும். அவரது ‘அன் இன்ட்ரஸ்டிங் ஸ்டோரி’யில் புத்தகம் படித்துக்கொண்டே நடப்பவர் சாலைபோடும் நீராவி உருளையின் அடியில் நசுங்கித் தட்டையாகிறார். சைக்கிளில் வந்த இருவர் பம்ப்பால் காற்றடித்து அவரை மீண்டும் ஆளாக்குகிறார்கள். அவர் புத்தகத்தைத் தொடர்கிறார். நம்மில் சிலருக்கு இது நகைச்சுவையாகவே படாது, ஆவணப்படமாகத்தான் தெரியும்.

லண்டனில் ராபர்ட் வில்லியம் பால் இருந்தார். கருவி செய்பவர், பிரிட்டிஷ் சினிமாவின் மூத்தவர்களில் முதல்வர். லெஸ்டர் சதுக்கத்தின் அல்ஹாம்ப்ரா அரங்கின் மொட்டைமாடியில் 1896இல் அவர் எடுத்த ‘தி சோல்ஜர்ஸ் கோர்ட்ஷிப்’ பிரிட்டனின் முதல் கதைப்படங்களில் ஒன்று. அதுவும் நகைச்சுவைதான்: காதலர்கள் அமர்ந்திருக்கும் பெஞ்சில் ஓர் அம்மாள் வந்து இடித்து உட்கார்வது. அவருக்காக வால்டர் பூத் இயக்கிய ‘தி ? மோட்டாரிஸ்ட்’ (1906) படத்தில் கார் ஒரு போலீஸ்காரரை மோதிவிட்டுக் கட்டடத்தின் சுவரில் ஏறி, விண்வெளிக்குப் போய், சனிக்கோளின் வளையத்தில் சுற்றிவிட்டு, நீதிமன்றக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுகிறது. மோட்டார் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்துபோக வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 1896இல்தான் நீங்கியது என்பதை நினைவில் வைத்தால், கார் வைத்திருக்கும் பணக்காரர், அவரைத் துரத்தும் போலீஸ்காரர், நடுவில் நசுங்கும் நடைபாதைக்காரர் என்ற மூவர் ஏன் அக்காலப் படங்களில் ஓயாமல் வருகிறார்கள் என்று புரியும்.

பகடியும் இதே காலத்தில் பிறந்துவிட்டது. பாலின் ‘தி கன்ட்ரிமேன் அண்ட் தி சினிமாட்டோகிராஃப்’ (1901) படத்தில் பட்டிக்காட்டு ரசிகர் திரையில் ஆடும் பெண்ணைப் பார்த்துத் தானும் ஆடுகிறார். ரயில் வந்ததும் அலறி ஓடுகிறார். அமெரிக்காவில் எடிசன் கம்பெனி மறு ஆண்டே இதைத் தன் பாணியில் திருப்பி எடுத்தது. சினிமாவுக்கு ஆறு வயது நிரம்புவதற்குள் சினிமா பார்ப்பவனைப் பார்த்துச் சினிமா சிரிக்கத் தொடங்கிவிட்டது. பார்வையாளர்களும் ‘நாம் அந்தப் பட்டிக்காட்டான் அல்ல’ என்று சிரித்திருப்பார்கள். ரயிலைக் கண்டு மக்கள் அரங்கைவிட்டு ஓடினார்கள் என்ற கதை இன்றும் உலவுகிறதே, அதற்கு இத்தகைய கேலிப்படங்களும் தீனி போட்டிருக்கக்கூடும்.

இனி கப்பல். பிரிட்டிஷ் நகைச்சுவையின் உண்மையான பயிற்சிக்கூடம் ம்யூசிக் ஹால் மேடை. டான் லெனோ போன்ற மேடை நட்சத்திரங்களையும் கேமரா பிடித்திருக்கிறது. ஆனால் லெனோவின் பலம் பேச்சு. மௌனத்தில் அவர் பாதி ஆள். உடம்பால் பேசத் தெரிந்தவர்களை வளர்த்தவர் ஃபிரெட் கார்னோ. லண்டன் கேம்பர்வெல்லில் ‘ஃபன் ஃபேக்டரி’ என்று பெயர்வைத்து, ஒரே நேரத்தில் பல குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்து ஊர்ஊராக அனுப்பினார். 1904இல் தொடங்கிய அவரது ‘மம்மிங் பேர்ட்ஸ்’ மேடைக்குள் இன்னொரு மேடையை வைத்தது. அங்கே படுமோசமான ஆட்டங்கள் நடக்கின்றன. பக்கத்து மாடத்தில் குடித்துவிட்டு வந்த கனவான் அவற்றைக் குலைத்துக்கொண்டே இருக்கிறார், மாடத்திலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறார். சாப்ளின் அமெரிக்காவில் முத்திரை பதித்தது இந்தக் குடிகாரன் வேடத்தில்தான். ஸ்டான் லாரலும் அதே குழுவில் கடல் கடந்தார்.

கவனித்தால், ‘மம்மிங் பேர்ட்ஸ்’ ம்யூசிக் ஹாலின் பகடி. மட்டமான மேடை ஆட்டத்தை ம்யூசிக் ஹாலே எள்ளி நகையாடுகிறது. கார்னோவிடம் ஸ்லாப்ஸ்டிக்கும் பகடியும் ஒரே உடம்பாக இருந்தன. சாப்ளின் 1915இல் ‘எ நைட் இன் தி ஷோ’ என்று அதைத் திரைக்குக் கொண்டுபோனபோது, உள்ளூர் ம்யூசிக் ஹாலை அறியாதவர்களும் சிரித்தார்கள். விழுவதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. அதே காலத்தில் அவர் ‘கார்மென்’ படத்தைக் கேலிசெய்தும் ஒன்று எடுத்தார். அதை இன்று யார் தேடிப் பார்க்கிறார்கள்?

சேட்டைக்காரர்கள் ஏன் கப்பலேறினார்கள் என்ற கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய இன்னொரு விஷயமும் கார்னோவுக்கு நடந்தது. ‘மம்மிங் பேர்ட்ஸ்’ ஆட்டத்தைப் பார்த்து எடுத்தது என்று பாதே கம்பெனியின் படம் ஒன்றின் மீது 1908இல் வழக்குப் போட்டார். அன்றைய பதிப்புரிமைச் சட்டம் அவருக்குக் கைகொடுக்கவில்லை, தோற்றார். மேடையில் வருடக்கணக்காக மெருகேற்றிய சேட்டையை யாரும் படமாக்கலாம் என்றானபோது, சேட்டைக்காரருக்கு உள்ளூர் சினிமாவில் என்ன பிடிப்பு இருக்கும்? மேடை முதலாளிகளும் தங்கள் நடிகர்கள் படத்தில் தோன்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிவைத்தார்கள். அமெரிக்கக் கம்பெனிகளோ வாரச் சம்பளத்தை உயர்த்திக்கொண்டே போயின.

ஊரில் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ஹெப்வொர்த் கம்பெனியின் ‘டில்லி’ படங்களில் (1910 முதல்) ஆல்மா டெய்லரும் கிரிஸ்ஸி வைட்டும் அடங்காத இரு பெண்களாக வந்து விருந்தினரை விரட்டுகிறார்கள், தீயணைப்பு வண்டியைக் கடத்துகிறார்கள். பெரிய தண்டனை எதுவும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. பெண்கள் வாக்குரிமைப் போராட்டம் கொதித்த ஆண்டுகளில் இதைப் பார்ப்பது தனிச் சுகம். மறுபக்கம் ‘மில்லிங் தி மிலிட்டன்ட்ஸ்’ (1913) போன்ற படங்கள் போராட்டக்காரிகளை நையாண்டி செய்தன. அதில் மனைவி போராடப் போனதால் வீட்டில் தவிக்கும் கணவன், பிரதமராகித் தண்டனைகள் விதிப்பதாகக் கனவு காண்கிறான். அமெரிக்காவிலிருந்து எதிர்த்திசையில் கப்பலேறி வந்த ஃபுளோரன்ஸ் டர்னரின் ‘டெய்ஸி டூடாட்ஸ் டயல்’ (1914) ஒரு சின்ன ரத்தினம்: முகத்தைக் கோணலாக்கும் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் பெண் பொது இடத்தில் கோணல் முகம் காட்டிப் போலீசில் மாட்டிக்கொள்கிறாள்.

இப்போது பிம்பிள். ஃபிரெட் எவன்ஸ் (1889–1951) ம்யூசிக் ஹால் குடும்பத்துப் பிள்ளை. வில் எவன்ஸ் என்ற மேடை நட்சத்திரத்தின் உறவு. சிறு தொப்பி, ஒட்ட வாரிய தலை, கோமாளி ஒப்பனை. தம்பியும் கூட்டாளியுமாக ஜோ எவன்ஸ். தேம்ஸ் நதித் தீவான ஈல் பை ஐலண்டில் தளம் அமைத்துப் படங்களைச் சுட்டுத் தள்ளினார்கள், மொத்தம் 200ஐ நெருங்கும் அல்லது தாண்டும். 1915 வாக்கில் பிரிட்டிஷ் ரசிகர்களிடம் சாப்ளினுக்கு அடுத்த இடம் இவருக்கு என்று சொல்லப்படுவதுண்டு.

பிம்பிளின் தொழில் முறை எளியது. பெரிய கம்பெனி ஒன்று பெரும் செலவில் ஒரு படம் எடுக்கும். பிம்பிள் சில்லறைக் காசில் அதன் கேலியை எடுத்துவிடுவார். பிரிட்டிஷ் அண்ட் கலோனியல் கம்பெனி 1913இல் நார்தாம்ப்டன்ஷயரின் இர்த்லிங்பரோவில், உள்ளூர்ச் செருப்புத் தொழிலாளர்களைப் போர்வீரர்களாக நிறுத்தி, குதிரைப்படையோடு ‘பேட்டில் ஆஃப் வாட்டர்லூ’ எடுத்தது. அதே ஆண்டு ‘பிம்பிள்ஸ் பேட்டில் ஆஃப் வாட்டர்லூ’ வந்தது. நெப்போலியன் வேறு யார், பிம்பிள்தான். அக்காலச் சாகசப் படங்களின் கடற்படை நாயகன் லெஃப்டினன்ட் டேரிங். இவர் லெஃப்டினன்ட் பிம்பிள். ட்ரூரி லேன் நாடக அரங்கின் பிரம்மாண்டக் குதிரைப் பந்தய நாடகம் ‘தி விப்’; 1917இல் ‘பிம்பிள் இன் தி விப்’. இரண்டு ஆட்கள் உள்ளே நுழைந்து நடக்கும் துணிக் குதிரை, வெட்டியொட்டிய அட்டைப் பின்னணி, எழுத்து அட்டைகளில் வரிக்கு வரி சிலேடை. வறுமையை மறைக்காமல் அதையே நகைச்சுவையாக்கினார். அசல் படம் ஆயிரம் பேரை நிறுத்திக் காட்டிய இடத்தில் இவர் இரண்டு பேரை நிறுத்துவார். அரங்கில் இருப்பவர் போன வாரம் அந்த ஆயிரம் பேரைப் பார்த்திருந்தால் போதும்.

எலினார் க்ளின் எழுதிய ‘த்ரீ வீக்ஸ்’ என்ற காதல் நாவல் அன்று பெரும் பரபரப்பு. பிம்பிள் அதையும் விடவில்லை. க்ளின் வழக்குப் போட்டார். 1915இன் இறுதியில் விசாரித்த நீதிபதி யங்கர், கேலிப்படம் நாவலைக் கணிசமாக எடுத்தாளவில்லை என்றார். அதோடு நிற்காமல், இந்த நாவலே ஒழுக்கக்கேடானது, சட்டத்தின் காவலுக்குத் தகுதியற்றது என்றும் சொல்லிவிட்டார். படமும் அவரிடம் நல்ல பெயர் வாங்கவில்லை. கேலிக்கும் பதிப்புரிமைக்கும் உள்ள எல்லையைப் பேசும் சட்ட நூல்களில் இந்த வழக்கு இன்றும் வருகிறது. பிம்பிளின் படங்களில் பல அழிந்துபோயின. தீர்ப்பு பத்திரமாக இருக்கிறது. கார்னோ தோற்றதையும் பிம்பிள் தரப்பு வென்றதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், எடுத்தாள்பவன் பக்கம் சாய்ந்த சட்டத்தில் சொந்தச் சேட்டைக்காரன் வெளியேறுவதும் பகடிக்காரன் தழைப்பதும் புரியாத புதிர் அல்ல.

பகடி ஏழைக் கம்பெனிகளின் சரக்கு மட்டுமல்ல. பீட்டர் பானைப் படைத்த ஜே.எம். பேரி, ஷேக்ஸ்பியர் மறைந்த முந்நூறாம் ஆண்டான 1916இல் ‘தி ரியல் திங் அட் லாஸ்ட்’ எழுதினார். அமெரிக்கக் கம்பெனி ‘மேக்பெத்’ எடுத்தால் எப்படி இருக்கும் என்ற கேலி. எட்மண்ட் க்வென் மேக்பெத். இன்று பிரதி இல்லை. ஏ.ஏ. மில்ன், வின்னி த பூ எழுதுவதற்கு முன்பே, 1920இல் மினர்வா கம்பெனிக்கு நான்கு குறும்படங்கள் எழுதித் தந்தார். ‘தி பம்ப்’ என்ற படத்தில் காடு மலையெல்லாம் கடந்த பயணவீரருக்கு லண்டன் தெருவில் வழி தெரியவில்லை. நடித்தவர் சி. ஆப்ரி ஸ்மித். ஆடிய ஒரே டெஸ்ட் கிரிக்கெட் பந்தயத்தில் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கியவர் அவர்.

‘தி பம்ப்’ படத்தை இயக்கிய ஏட்ரியன் புருனெல்தான் இந்தக் கதையின் கடைசிப் பெரிய பெயர். 1924இல் ‘கிராசிங் தி கிரேட் சகாரா’ என்ற பாலைவனப் பயணப்படம் வந்தது. புருனெல் ‘கிராசிங் தி கிரேட் சக்ராடா’ எடுத்தார். வேறு எங்கெங்கோ எடுத்த பயணப்படத் துண்டுகளை ஒட்டி, அவற்றுக்குச் சம்பந்தமில்லாத எழுத்து அட்டைகளைச் செருகி, நடுவில் தானும் வேடம் போட்டு வந்தார். படம் ஒன்று காட்டும், எழுத்து வேறொன்று சொல்லும். ‘எழுத்தை நம்பிப் படத்தைப் பார்க்கிறாயே’ என்று அது நம்மைக் குத்துகிறது. பாதே செய்திப்படத்தைக் கிண்டல்செய்து ‘பதெட்டிக் கெஜட்’ எடுத்தார். மைக்கேல் பால்கனின் கெய்ன்ஸ்பரோ கம்பெனி 1925இல் அவரைத் தொடராகச் சில கேலிப்படங்கள் செய்யவைத்தது. தணிக்கையாளரின் ஒரு நாளைப் பரிகசிக்கும் ‘கட் இட் அவுட்’ அவற்றில் ஒன்று. ஐவர் மான்டகு எடுத்த ‘ப்ளூபாட்டில்ஸ்’ (1928) படத்தில் எல்சா லான்செஸ்டர் தெருவில் கிடந்த போலீஸ் விசிலை ஊதப்போக ஒரு பட்டாளமே திரண்டு வருகிறது. லண்டன் திரைப்படச் சங்கத்தின் அறிவாளிகள் இவற்றை ரசித்தார்கள். பிம்பிளின் ரசிகர்களோ வேறு அரங்கில் இருந்தார்கள். இதை இந்தப் பகடியின் தோல்வி என்றே சொல்வேன்: தொழிலாளி சிரித்த பகடியும் படிப்பாளி சிரித்த பகடியும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

ஸ்லாப்ஸ்டிக்கை இருபதுகளில் தாங்கிப்பிடிக்கப் பார்த்தவர் வால்டர் ஃபோர்டு. 1920இல் தொடங்கிய குறும்படங்களில் இருந்து ‘உட் யூ பிலீவ் இட்!’ (1929) என்ற முழுநீளப் படம் வரை வந்தார். கையில் திறமை இருந்தது. ஆனால் 1926 வாக்கில் பிரிட்டிஷ் திரையரங்குகளில் ஓடிய படங்களில் உள்ளூர்ப் படங்கள் ஏறத்தாழ 5 சதவீதம்தான். 1927இல் உள்ளூர்ப் படங்களுக்குப் பங்கு ஒதுக்கும் சட்டம் வந்தபோது பேசும்படம் வாசலில் நின்றது. ஃபோர்டு நடிப்பைவிட்டு இயக்கத்தோடு நின்றுகொண்டார்.

பிரிட்டனின் மௌனப்பட நகைச்சுவை தேய்ந்ததற்கு முதல் உலகப் போர், பணம், அமெரிக்கப் போட்டி என்று சொல்லப்படும் வழக்கமான காரணங்கள் பொய்யல்ல. அவற்றோடு இதையும் சேர்க்க வேண்டும்: பகடிக்கு அசலைத் தெரிந்த ரசிகர் தேவை. இர்த்லிங்பரோ வாட்டர்லூவைப் பார்க்காத ஊரில் பிம்பிளின் துணிக்குதிரை வெறும் துணிக்குதிரை. அசல் மறந்துபோனதும் கேலியும் செத்துவிடுகிறது. மேரி ஜேனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கண்ணடிப்பும் பாரஃபினும் எங்கும் செல்லும். ஆகவே ஒரு தேசத்தின் நகைச்சுவை மரபாகப் பகடியை மதிக்கிறேன். படங்களாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 1897க்கும் 1906க்கும் இடையில் வந்தவற்றையே எடுப்பேன்.

பார்க்க விரும்புவோர் ‘மேரி ஜேன்ஸ் மிஸ்ஹாப்’, ‘தி பிக் ஸ்வாலோ’, ‘தி ? மோட்டாரிஸ்ட்’ மூன்றிலிருந்தும் தொடங்கலாம். மூன்றும் இணையத்தில் கிடைக்கின்றன, மூன்றையும் சேர்த்தாலே பத்து நிமிடம் ஆகாது. இசை சேர்த்த பிரதி என்றால் ஒலியை நிறுத்திவிடுங்கள். பிற்காலத்தில் ஒட்டிய துள்ளல் பியானோ இந்தப் படங்களுக்கு நல்லது செய்வதில்லை.